சிலேட்டு அண்ணனின் அதிர்ஷ்ட மச்சம்

டைரியில் எழுதி வைக்கிறவர்கள் உண்டு, காலண்டரில் எழுதி வைக்கிறவர்கள் உண்டு. தன் தோலிலேயே எழுதி வைத்துக்கொண்டு ஒரு சூளையையும் ஒரு குடும்பத்தையும் பதினெட்டு வருஷம் நடத்திய மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் நான் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்த பீங்கான் கம்பெனியில் அவர் சூளை ஃபோர்மேன். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் சிலேட்டு அண்ணன். அவருக்கு நான் 'ஆபீஸு'.

விஷயம் இதுதான். இடது முன்கையில் வலது கட்டைவிரல் நகத்தால் 'ரெண்டாம் சூளை, பதினொன்றரை' என்று கீறுவார். ரத்தம் வராது, காயமும் ஆகாது. இரண்டு நிமிஷம் பொறுத்தால் கீறின இடமெல்லாம் சிவந்து தடித்து எழுத்து எழுந்து நிற்கும். பக்கத்து மேஜையிலிருந்தே படிக்கலாம். அரை மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும்.

"கையெல்லாம் களிமண்ணு. பேனாவ எங்க புடிக்கிறது, பேப்பர எங்க வெக்கிறது? ஆண்டவன் குடுத்தது இருக்குதே, அது போதும் ஆபீஸு" என்பார்.

அரை மணிதான் கெடு என்பதால் எதையும் ஒத்திப்போட மாட்டார். எழுதின வேலையை எழுத்து மறைவதற்குள் முடித்துவிடுவார். எங்கள் கம்பெனியில் சொன்ன நேரத்துக்கு நடந்த ஒரே விஷயம் அவருடைய சூளைதான். ஒருமுறை ஓர் அதிகாரி சோதனைக்கு வந்து, சூளை வெப்பத்தைக் குறித்து வைத்த நோட்டைக் கேட்டார். அண்ணன் சட்டைக் கையை மடித்து முழங்கை வரை நீட்டினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நேத்து ரெக்கார்டு?"

"அரை மணிக்கு முன்னாடி உள்ளது எதுவும் நம்மகிட்ட நிக்காதுங்க."

முதலாளி ஓடிவந்து அதிகாரிக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டிலும் இதே கதைதான். அண்ணி மளிகைச் சாமான் பட்டியல் சொன்னால் முன்கையில் ஆரம்பித்து, தோள் வழியாக, மிச்சம் வயிற்றில் முடிப்பார். கடைக்காரர் முன்னால் சட்டையைத் தூக்கிப்பிடித்து "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, எனக்குத் தலகீழா தெரியுது" என்று நிற்பார். ஒருநாள் வழியில் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் யாரோ சிநேகிதரைப் பார்த்துப் பேசிக்கொண்டே நின்றுவிட்டார். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கையும் தோளும் சுத்தம். கடைசியாக எழுதிய ஊதுபத்தி மட்டும் தொப்புளுக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரி சமையல் நடந்ததா என்று நான் கேட்கவில்லை.

இவருக்கு வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டவர், பக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்த பாய். "உங்க தோலுக்குள்ள ஹிஸ்டமின்னு ஒண்ணு இருக்குதுங்க. லேசா கீறினாலே உங்களுக்கு அது கொட்டிக்குது, அதான் தடிக்குது. இந்த மாத்திரைய ஒண்ணு போடுங்க, அடங்கிடும்" என்று ஒரு அரிப்பு மாத்திரையைக் கொடுத்தார். அண்ணன் போட்டார். மறுநாள் காலை சூளை வாசலில் நின்று கையில் கீறுகிறார், கீறுகிறார், ஒன்றும் எழவில்லை. கண்ணாடியைத் தொலைத்தவர் மாதிரி அங்குமிங்கும் அலைந்தார். மத்தியானம் நேராக பாய் கடைக்குப் போய், "நல்லா இருந்த மனுசன இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று மிச்ச மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் ஜுரத்துக்குக்கூட அந்தக் கடைப் பக்கம் போனதில்லை.

இப்படி இருந்தவருக்கு, போன வருஷம் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் வந்தது. (படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆள் இன்றும் சௌக்கியம். போன வாரம்கூட என்னோடு போனில் சண்டை போட்டார்.) கறுப்பாக, மிளகு அளவில் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் மச்சம் வந்தால் ராஜயோகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அண்ணன் அதன்மேல் விபூதி படாமல் பார்த்துக்கொண்டார். புது ஆர்டர் வந்தால் "மச்சம் வேல செய்யுது" என்பார். முதலாளியே ஒருநாள் வெளியூர் கிளம்பும் முன் அந்த மச்சத்தின் முகத்தில் விழித்துவிட்டுப் போனார். நானும் ஒரு அரசாங்கப் பரீட்சைக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். பரீட்சை முடிவைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

அந்த மச்சத்தைச் சரியாகப் பார்த்தவர் கஸ்தூரி அக்கா. சூளைக்குப் போகும் முன் ஜாடிகளை ஒவ்வொன்றாகப் பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கியெடுப்பது அவர் வேலை. எது எங்கே பளபளக்க வேண்டும், எங்கே கூடாது என்பதில் அவர் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.

"அண்ணே, இப்படித் திரும்புங்க. மச்சம்னா மங்கலாத்தான இருக்கும்? ஓரத்துல கிளேஸு போட்டாப்புல மினுக்குதே. எனக்குப் புடிக்கல. டாக்டருகிட்ட காட்டுங்க."

"ஒனக்குப் பொறாமம்மா" என்றார் அண்ணன். அடுத்த வாரம் சவரம் செய்யும்போது ராஜயோகத்திலிருந்து ரத்தம் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

அண்ணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்க கூடப் போங்க தம்பி. இவரு டாக்டரு சொல்றத பாதி கேப்பாரு, அதையும் கையில எழுதிக்கிட்டு வூட்டுக்கு வரதுக்குள்ள தொலச்சிடுவாரு." அப்படித்தான் நான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது மச்சம் இல்ல. தோல்ல வந்திருக்கிற கட்டி. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடுவோம். ரிசல்ட்டுக்குப் பத்து நாள் ஆகும்" என்றார். அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, தையல் போட்டு அனுப்பினார்.

அந்தப் பத்து நாள்தான் கம்பெனியில் யாராலும் மறக்க முடியாதவை. தையலோடு வேலைக்கு வந்தவர், சாப்பாட்டு வேளையில் போனில் எதையோ தேடியிருக்கிறார். தோல் கட்டிகள் வளர்வதில் ஹிஸ்டமினுக்கும் பங்கு இருக்கிறது என்று ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. முதல் பத்தியோடு போனை அணைத்துவிட்டார். மறுநாள் முழுக்கைச் சட்டையில், மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு வந்தார். பத்து விரல் நகத்தையும் சதை வரை வெட்டியிருந்தார். பாக்கெட்டில் ஒரு புது டைரி.

டைரியில் எழுதினார், எழுதின டைரியை எங்கே வைத்தோம் என்று தேடினார். அரை மணியில் அழிந்துவிடும் என்ற பயம் இல்லாததால் எந்த வேலையும் அவருக்கு அவசரமாகத் தெரியவில்லை. ஆறாம் நாள் ரெண்டாம் சூளையை அணைக்க மறந்தார். உள்ளே வைத்த ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் கிளேஸ் உருகி ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தன. முதலாளி திட்ட வாயெடுத்து, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜாடிகளை ஓரமாக அடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் டீ வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆபீஸு, வியாதி வருது, போவுது. அது பயமில்ல. பதினெட்டு வருசமா நானே கீறிக் கீறி அந்தக் கருமத்த வளத்து வுட்டிருக்கேன்னு வையி. பொண்ணு கேப்பாளே, ஏம்ப்பா அப்படிப் பண்ணேன்னு. அதுக்கு நான் என்னா சொல்லுவேன்?"

டீயைக் குடியுங்கள் என்றேன். அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போயிற்று.

பத்தாம் நாள் மறுபடி புதுச்சேரி. டாக்டரம்மா கவரைப் பிரித்தார்.

"புற்றுதான். ஆனா இது தோலோட அடி அடுக்குல வர்றது, மெதுவா வளரும், வேற எடத்துக்குப் பரவறது ரொம்ப அபூர்வம். முழுசா எடுத்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க. வெயில்ல தொப்பி போடுங்க. அவ்வளவுதான்."

நான் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த காகிதம் நகர்ந்தது. அண்ணன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, கையை மேஜை மேல் வைத்தார்.

"டாக்டரம்மா, உண்மையச் சொல்லுங்க. இதுல எழுதி எழுதித்தான் அது வந்துச்சா?"

முழுக் கதையையும் நான் சொன்னேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்காமல் பேனாவை மூடி, மூடி முனையால் அண்ணன் கையிலேயே ஒரு வட்டம் போட்டார். சுற்றிலும் நாலு சின்னக் கதவு வரைந்தார்.

"இது தோல்ல இருக்கிற ஒரு செல்லுன்னு வச்சுக்கோங்க. இதுக்குள்ளதான் ஹிஸ்டமின் இருக்கும். வெளிய வந்தா அது ஒரு தகவல் சொல்ற ஆள் மாதிரி. உடம்புல நாலு விதமான கதவு இருக்கு. ஒரு கதவைத் தட்டினா தடிப்பும் அரிப்பும். இன்னொண்ணத் தட்டினா வயித்துல அமிலம். கட்டி இருக்கிற எடத்துலயும் இது உண்டு. அங்க சில சமயம் எதிர்ப்பு சக்திய எழுப்பிவிட்டுக் கட்டிக்கு இடைஞ்சல் பண்ணும். சில சமயம் எதிர்ப்பு சக்தியையே தூங்கவச்சுக் கட்டிக்கு உதவியும் பண்ணும். எப்போ எது பண்ணும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அண்ணன் கையில் வட்டமும் கதவுகளும் சிவந்து எழுந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒரே ஆளு ரெண்டு கட்சிக்கும் போஸ்டர் ஒட்டுறானுங்களா?"

இப்போது டாக்டரம்மா சிரித்தேவிட்டார். "அப்படித்தான் வச்சுக்கோங்க. ஆனா கையில கீறினதால மூக்குப் பக்கத்துல புற்று வந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் கெடையாது. வருசக்கணக்கா வெயில்ல நின்னு ஜாடி காய வச்சீங்க பாருங்க, அதத்தான் நான் சந்தேகப்படுவேன். நீங்க பண்ணின தப்பு எதுவும் இல்ல."

கடைசி வாக்கியத்தை அண்ணன் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாக இன்னொருதரம் சொன்னார். தூக்கம் வரும் என்று சொல்லி அவர் அரிப்புக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைக்கூட அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் அங்கேயே தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அண்ணிக்குப் போன் போட்டார். "அது வந்து..." என்றார். போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நல்ல சேதியை நான்தான் சொன்னேன்.

கடலூர் வந்து, எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் திட்டக்குடி பஸ்ஸில் ஏறி விருத்தாசலத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். நெய்வேலி வருவதற்குள் அண்ணன் தலை என் தோளில் சாய்ந்தது. மாத்திரையா, நிம்மதியா, தெரியவில்லை. வாயைத் திறந்துவைத்து, என் சட்டையெல்லாம் நனைய, அப்படியொரு தூக்கம். என் கை மரத்துப்போனது, அசைக்கவில்லை. அந்தப் பத்து நாளும் மனிதர் கண்ணை மூடவே இல்லை என்று அண்ணி சொல்லியிருந்தார்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களிடம் வந்து, "எறங்கலீங்களா? அவர எழுப்புங்க சார்" என்றார்.

"தூங்கட்டும். திட்டக்குடிக்கு ரெண்டு குடுங்க" என்றேன், அண்ணன் காதில் விழாதபடி.