அரைநூல் மாமாவின் மிஷின்

மயிலாப்பூரில் ஒழுங்காக அளவெடுக்கத் தெரிந்த ஒரே ஆசாமி எங்கள் அரைநூல் மாமாதான். கடவுளே வந்து உலகத்தைக் காட்டினாலும், "பேஷ்! ஆனா இந்த ஓரம் அரைநூல் ஒசந்திருக்கே" என்றிருப்பார். அங்குலத்தில் எட்டில் ஒன்று நூல். அதில் பாதிக்குத்தான் அவர் உயிரை விடுவார்.

நான் அவருக்கு எதிர்வீட்டுக்காரன். அப்போதுதான் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் நாவிதரிடம் அவர் போட்ட சண்டையை என் காதாலேயே கேட்டேன்.

"இடது கிருதா அரைநூல் எறக்கம்."

"சாமி, காது ரெண்டும் ஒரே மட்டத்துலயா கீது? இன்னா சாமி நீ!"

மாமா வீட்டுக்கு ஓடிப்போய்க் கண்ணாடி முன்னால் காதுகளை அளந்தார். நாவிதர் சொன்னது சரி. அன்று முழுக்க மனுஷர் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே மில்லிங் மிஷின் கட்ட ஆரம்பித்தார். மேலே பல் வைத்த சக்கரம் சுழலும். கீழே இரும்புத் துண்டைக் கவ்வியபடி ஒரு மேஜை நகரும். சக்கரம் இரும்பைச் சீவிச் சமமாக்கும். மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய இரும்பு, தையல் மிஷினின் மிதி என்று ஒவ்வொன்றாக வந்தது. மேஜையை நகர்த்தும் நீள ஸ்க்ரூவுக்கு மட்டும் கையாலேயே புரி புரியாக மரை வெட்டினார், இரண்டு வருஷம்!

"ஆத்துல அம்மிக்கு எடமில்லே, இதைக் கட்டிண்டு அழறேளே!" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. பூஜை ஆகாமல் மிஷினை ஓட்டக் கூடாது, விஜயதசமி காலையில் தெருவே பார்க்க முதல் சீவல் என்று மாமா முடிவு செய்தார். பூஜையன்று, "நீ சந்தனம் இட்டுண்டிரு, ஸ்நானம் பண்ணிட்டு வந்துடறேன்" என்று என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்தார். எனக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கைப்பிடி, சக்கரம், மேஜைக்கடியில் இருந்த ஸ்க்ரூ வரை வஞ்சனையில்லாமல் அப்பினேன்.

மறுநாள் தெருவே கூடியது. மாமா கைப்பிடியைச் சுற்றினார். மேஜை ஓரங்குலம் நகர்ந்து நின்றது. "ரெண்டு பேர் புடிங்கோ ஸ்வாமி!" என்று யாரோ கத்த, நாலு பேர் பாய்ந்தார்கள். படக்கென்று ஒரு சத்தம். மரை பிய்ந்துவிட்டது.

மாமா குனிந்து ஸ்க்ரூவை விரலால் தடவினார். விரலில் ஒட்டிய காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார். வேஷ்டியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என் அளவுதான் அரைநூல் தப்பிப்போச்சு."

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை, பாவி! அதற்கப்புறம் மாமா யாருடைய கணக்கைத் திருத்தினாலும், "உம்ம மிஷின் மாதிரியா?" என்று கேட்டார்கள். மனுஷர் அளவுகோலைத் தொடுவதையே விட்டுவிட்டார். மிஷின் வந்த வழியே பழைய இரும்புக்குப் போயிற்று.

அடுத்த வருஷம் அவருக்குத் திருச்சிக்கு மாற்றல். ஜட்காவில் ஏறியவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இனிமே சந்தனத்தைக் கைப்பிடியோட நிறுத்திக்கோடா, கொழந்தே."

அந்தத் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: மாமாவின் அளவு ஒரு மயிரிழைகூடத் தப்பவில்லை. சந்தனம் வைத்தவன் நான்.