கறி ஜோசியரும் இரண்டு குட்டிகளும்

உலகத்தில் கறி தின்பவர்கள் உண்டு, கறி விற்பவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டே, கவனித்திருக்கிறீர்களா? அதுதான் கறி ஜோசியர். தன் கையால் ஓர் ஆட்டுக்கு ஒரு பிடி புல் போட்டிருக்க மாட்டார். ஆனால் யாருடைய குட்டியைக் கண்டாலும் அதன் முதுகில் நாலு விரலை வைத்து, கண்ணை மூடி, விலா எலும்பு முடிகிற இடத்தில் ஓர் அமுக்கு அமுக்கி, அதன் இனம் என்ன, அப்பன் யார், அறுத்தால் எவ்வளவு கறி தேறும், கொழுப்பு எங்கே படியும் என்று புட்டுப்புட்டு வைப்பார். குட்டிக்கு வாயிருந்தால் "கையை எடுங்க" என்றுதான் சொல்லும்.

நம் ஜோசியருக்குத் தொழில் மின்விசிறி பழுதுபார்ப்பது. இறக்கை கழன்ற விசிறிகள் கடையில் காத்துக் கிடக்க, அவர் எப்போதும் எதிர்க் கறிக்கடையில் நின்று தீர்ப்பு வழங்குவார். தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாம் இனம்தான். மேய்ச்சல் கீய்ச்சல் எல்லாம் சும்மா."

ஊரே தலையாட்டியது. அவருடைய மச்சினன் தலையாட்டியதோடு நிற்காமல் ஓட்டிக்கொண்டிருந்த லாரியையும் விற்றுவிட்டான். அந்தப் பணம் முழுவதற்கும், மாமா சொன்ன நெட்டைக்கால் உயர் இனக் குட்டிகளாக வாங்கிவிடுவதாக உத்தேசம். ஜோசியரின் மனைவி குறுக்கே வந்தாள்.

"என்னங்க, உங்க விரலை நம்பி என் தம்பி தெருவுக்கு வந்துட்டா? இனம்தான் எல்லாம்னா கட்டாந்தரையில விட்டாலும் வளரணும் இல்ல? முதல்ல ஒண்ணே ஒண்ண வளர்த்துப் பார்க்கட்டும்."

"தாராளமா. கட்டாந்தரை என்ன, பாறை மேலயே விடச் சொல்லு."

அப்படியே நடந்தது. உயர் இனக் குட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் மேய்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதுள்ள சாதாரணக் குட்டி ஒன்று வாய்க்கால் ஓரத்துப் பசும்புல்லில் வயிறு புடைக்க மேய்ந்தது. சில மாதங்கள் கழித்து இரண்டும் தோலுரிந்து கறிக்கடைக் கொக்கியில் தொங்கின. எது எது என்று ஜோசியரின் விரலே சொல்லட்டும் என்று, உயர் இனத்தின் காலில் கடைக்காரர் சிவப்பு நூல் கட்டி, அந்தக் கால் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்.

ஜோசியர் சட்டைக் கையை மடித்தார். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது உண்மைதான். ஆனால் விரல் பட்டதும் எல்லாம் பறந்துவிட்டது. ஆகா, என்ன முதுகு, என்ன தொடை, மேலே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கொழுப்பு. பக்கத்தில் தொங்கியதோ வெறும் நீளம், வெறும் எலும்பு. அதை அவர் தொடக்கூட இல்லை.

"இதுதான் நம்ம இனம். குருடன் தடவினாக்கூடச் சொல்லிடுவான்."

கடைக்காரர் மெதுவாக இரண்டையும் திருப்பினார். சிவப்பு நூல் எலும்பாய்த் தொங்கியதன் காலில் இருந்தது.

"பெரிய குட்டிக்குப் பெரிய பசி மாமா," என்றான் மச்சினன். "பொட்டல்ல அதுக்கு என்ன கிடைச்சுது? கால் நீண்டுச்சு, சதை ஏறல."

தம்பியின் லாரிப் பணம் பிழைத்த நிம்மதியில் மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது. ஜோசியர் முகத்தில் அசடு வழிந்தது. எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? ஒரு தும்மல் போடுகிற நேரம்.

"இதைத்தானே நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்றார். "மேய்ச்சல்தான் எல்லாம். இனம் கினம் எல்லாம் சும்மா."

மச்சினன் வாய்க்கால் ஓரத்துப் புல்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். நல்ல இனத்தில் சில குட்டிகளும் வாங்கிவிட்டான். தீர்ப்பு மாறிய அன்றைய சமையலில் நூல் கட்டிய கால் முழுதாக ஜோசியரின் தட்டுக்கு வந்தது. அவர் அதைக் கடித்து இழுத்துக்கொண்டே புல்லின் பெருமையைப் பேசி முடித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சிவப்பு நூல் தெரிந்த இடத்தில், "பொட்டல்ல விட்டப்பவே இது தேறாதுன்னு எனக்குத் தெரியும்" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது? நான் வாயே திறக்கவில்லை.