டிரைவர் கையில் கொடுத்த காசு

இனிமேல் பொய்யே சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். வயதாகிவிட்டது, பொய்யைப் பராமரிக்கத் தெம்பு இல்லை. ஒரு பொய்யை இருபத்துமூன்று வருடம் வீட்டில் வைத்துச் சோறு போட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ராசிங்காபுரத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று, மாமனாராக வரவிருந்தவர் கேட்டார்: "தம்பிக்கு வெளியூரு போக்குவரத்து உண்டா?"

எனக்குத் தெரிந்த வெளியூர் மலைமேல் இருக்கிற போடிமெட்டு. தெரிந்த வண்டி ஜீப்பு. அதைச் சொன்னால் பெண் கிடைக்குமா? மூன்று தடவை மதுரைக்கு ரயிலில் போயிருப்பதாக எடுத்துவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தது, காற்றில் முடி கலைந்தது, இறங்கும்போது டிரைவர் கையில் காசு கொடுத்தது என்று விலாவாரியாகச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமும் நடந்தது. அந்த ஒரு பொய்யின் மேல்தான் என் குடும்பமே நிற்கிறது என்று நம்பினேன்.

பிறகு பாதையை அகலமாக்குவதாகச் சொல்லித் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். ரயில் இல்லாத பத்துப் பன்னிரண்டு வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஊரே ரயில் கேட்டு மனுக் கொடுத்தது. நானும் கையெழுத்துப் போட்டேன், வராது என்ற தைரியத்தில். வந்துவிட்டது.

போன வாரம் என் மனைவி சந்திரவல்லி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம தங்கச்சி புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. சனிக்கெழம சாயங்கால ரயில்லயே மதுரைக்குப் போயிருவோம். உங்களுக்குத்தேன் ரயிலு அத்துபடியாச்சே."

எனக்கு வேலை மெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில். சாயங்காலம் ஜீப்பில் ஏறி, விடிய விடிய அடுப்புக்கு விறகு தள்ளி, பச்சைக் காயைக் காயவைத்து, காலையில் இறங்கிப் பகலில் தூங்குகிற பிழைப்பு. ராத்திரி விழித்திருப்பவனுக்கு யோசனை அதிகம். பழைய பேப்பர்களைப் படித்துப் படித்து அண்டசராசரத்தையும் யோசித்து வைத்திருக்கிறேன். ரயிலில் எப்படி ஏறுவது என்று மட்டும் எந்தப் பேப்பரிலும் போடவில்லை. கடைசியில் அடுப்பு முன்னாலேயே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். ஒத்திகை பார்த்துவிடுவது. தேனிவரை ரயிலில் போய், பஸ்சில் திரும்பிவிடுவது.

வியாழக்கிழமை ஸ்டோரில் லோடு இல்லை, லீவு. அதை அவளிடம் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவன்போலவே கிளம்பினேன். ரயிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அந்தப் பரபரப்பில் ராத்திரிச் சோற்றுத் தூக்குவாளியை மறந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்தேன். பெட்டியில் என் துண்டைத் தவிர ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். மனம் தளர்ந்தது. எங்கள் ஜீப்பு பதினாலு பேர் ஏறாமல் அசையாது. இவ்வளவு நீள வண்டி எப்போது நிறைந்து எப்போது கிளம்புவது? ஏறியவர்களே இறங்கி ஆள் கூப்பிடுவது மெட்டு ஜீப்பில் வழக்கம். நானும் பிளாட்பாரத்தில் நின்று, "தேனி, தேனி, ஆண்டிபட்டி, மதுரை... எடம் கெடக்கு, வாங்க" என்று கூவினேன். ஓர் அம்மாள் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, கால்வாசிகூட நிறையாமல், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ரயில் நகர்ந்தது. இப்படி நட்டத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. ஓடி ஏறினேன்.

மூச்சு அடங்குவதற்குள் பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார்.

"எறங்கையில குடுத்துர்றேன் சார்."

"யாருகிட்ட?"

வாயைத் திறந்தேன். பதில் பின் சீட்டிலிருந்து வந்தது.

"டிரைவர்கிட்ட சார். பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாரு."

சந்திரவல்லி. மடியில் என் தூக்குவாளி. கையில் டிக்கெட்டு, இரண்டு.

சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு பரிசோதகர் நகர்ந்தார். அவள் எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன்.

"வெறகு தள்ளப் போற மனுசன் வெள்ளச் சட்டையா மாட்டுவாரு? தூக்குவாளியக் குடுக்கலாம்னு பின்னாலயே வந்தேன். ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போகாம ஸ்டேசனுக்குள்ள நொழையிறீங்க, டிக்கெட்டும் எடுக்கல. எந்த ஊருக்குன்னு தெரியாம கவுண்டர்ல முழிச்சேன். நீங்க தேனி தேனின்னு கூவுனது அங்க வரைக்கும் கேட்டுச்சு. தேனிக்கே ரெண்டு எடுத்துட்டு, நீங்க கூவி முடிக்கிறதுக்குள்ள ஒங்க துண்டு கெடந்த சீட்டுக்குப் பின்னால ஏறி உக்காந்துட்டேன்."

வெளியே மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம்.

"இது உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருதேன் மொதல்ல கண்டுபிடிச்சது." அவள் என் துண்டை உதறி மடித்தாள். "'ரயிலே ஏறாத பய ஆத்தா, ஒன்னைய விட்டுட்டு எங்கயும் ஓடிற மாட்டான், தைரியமாக் கட்டிக்க'ன்னாரு."