முன்னாடி சாரும் நினைவுநாள் சாப்பாடும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் முன்னாடி சாரோடு உட்கார்ந்து ஒரு டீயை நிம்மதியாகக் குடித்து முடித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பாதி டீயிலேயே எழுந்து ஓடியவர்கள்தான் உண்டு. கடைக்காரர் கிளாஸைப் போட்டு உடைத்தால் மற்றவர்கள் காலை நகர்த்திக்கொள்வார்கள், இவர் மட்டும், "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்பார். புருஷன் பெண்டாட்டி சண்டையா, கண்டக்டர் யாரையாவது திட்டினாரா, எதற்கும் இந்த ஒரே கேள்விதான். ஒருமுறை நாய்க்கடிக்கு ஊசி போட விரைந்துகொண்டிருந்தவரை வழிமறித்து, கடிக்கும் முன் நாயை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அரிமளம் பக்கத்தில், மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் தங்கும் ஓர் இல்லத்தில் அவர் சிறப்பு ஆசிரியர். என் தம்பி சரவணன் அங்கேதான் இருந்தான். ஆறடி உயரம், பேச்சு வராது. கோபம் வந்தால் தட்டு பறக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு அடி விழும், கடைசியில் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். நம் ஊரில் இதற்கு வைத்தியம் சொல்லாதவர்கள் யார்? மந்திரித்துக் கட்டிய கயிறுகளால் அவன் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்ற இடமில்லாமல் போனது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றார் ஒரு சித்தப்பா. தன் பெண்ணைத் தருகிறாரா என்று கேட்டேன். அன்றோடு அந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். தம்பி அடிக்கவில்லை, உண்மைதான். எச்சில் ஒழுகக் குந்தியிருந்தான். அமைதியாகிவிட்டான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் மறுபடியும் தட்டு பறந்தது.

முன்னாடி சார் சேர்ந்த வாரத்தில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கடைசியாகச் சொன்னார். இன்னொரு தடவை யார் மேலாவது கை வைத்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அப்பா இல்லை. அம்மாவால் அவனைப் பிடிக்க முடியாது. நான் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அவனுக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது.

எங்களைக் காப்பாற்ற வந்த தெய்வம் முதலில் செய்ததெல்லாம் கோமாளித்தனம். விசேஷ நாட்களில்தான் சரவணனுக்குக் கோபம் வருகிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை சரி. காரணம் பலூன் என்றார். பலூன்களை எல்லாம் உடைத்தார், அந்தச் சத்தத்தில் மற்ற நான்கு பேர் மிரண்டார்கள். பிறகு கேமரா வெளிச்சம் என்றார். அப்புறம் கேசரி என்றார். கேசரியில் போடும் கலர்தான் ஆளை உலுக்குகிறது என்று ஒரு மாதம் கேசரியை நிறுத்திவிட்டார். அந்த மாதம் இல்லத்தில் அத்தனை பேருக்குமே கோபம் வந்தது. சமையல்கார அம்மா அவருக்கு மட்டும் கரண்டியை ஓங்கிக்கொண்டுதான் சோறு போட்டார்.

"கோவத்தை அடக்குறது நம்ம வேலை இல்லீங்க. அது ஏதோ கேக்குது. என்ன கேக்குதுன்னு பாத்து, அதையே அடிக்காம கேக்குறதுக்கு வழி சொல்லிக் குடுக்கணும்" என்பார். என்னிடம் சொன்னார், வாட்ச்மேனிடம் சொன்னார், பால்காரரிடமும் சொன்னார். மேனேஜரிடம் சொன்னபோது, அது ஒன்றும் கேட்கவில்லை, திமிர்தான் என்று பதில் வந்தது.

கடைசியில் காரணத்தைப் பிடித்துவிட்டார். இப்படிப்பட்ட இல்லங்கள் நம் பக்கத்தில் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குப் பிறந்தநாள், அப்பாவுக்கு நினைவுநாள் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கொடுப்பவர் வந்து பார்க்கும்போது இலை நிறைந்திருக்க வேண்டும், ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும், யாரும் கை வைத்திருக்கக் கூடாது. வந்தபின் பிரார்த்தனை, பாட்டு, போட்டோ. அவருடைய கார் திருமயம் தாண்டியிருக்காது, இங்கே சாம்பார் ஊற்றியாகிவிடும். வாய் பேசத் தெரிந்தவன் முணுமுணுப்பான். பேச்சு வராதவன் இலையைத் தூக்கி எறிகிறான். சாதாரண நாட்களில் போட்டவுடன் தின்று கையைக் கழுவுகிற அதே ஆள்.

சார் அவனுக்கு டம்ளரைத் தூக்கிக் காட்டக் கற்றுக்கொடுத்தார். தூக்கினால் உடனே சோறு, சாப்பிடலாம். தூக்கிய நொடியில் போட வேண்டும், தாமதித்தால் அவன் ஏன் நம்பப் போகிறான் என்று சமையல்கார அம்மாவிடம் நச்சரித்தார். சரவணன் முதல் நாளே பிடித்துக்கொண்டான். டீ வேண்டுமா, டம்ளர். வெளியே போக வேண்டுமா, டம்ளர். எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து டம்ளரைத் தூக்கினான். இத்தனை வருஷத்தில் மகன் தன்னிடம் கேட்ட முதல் பொருள் தோசை என்று அம்மா அழுதார். மணிக்கட்டில் புண் ஆறியது. டாக்டரிடம் சண்டை போட்டு மாத்திரையைக் குறைக்கவைத்தோம்.

அப்புறம் அந்த நினைவுநாள் வந்தது. சென்னையில் பெரிய கடை வைத்திருக்கும் ஒரு ஐயா, பூர்வீகம் இந்தப் பக்கம், வருஷாவருஷம் தன் அப்பா பெயரில் சாப்பாடு போடுகிறவர். தம்பியைப் பிடித்துக்கொள்ள என்னையும் வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். இலை போட்டு, வடை வைத்து, சோறு பரிமாறி, மாலை போட்ட படத்தின் கீழ் எல்லோரும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஐயா வரவில்லை. சாம்பாரில் ஆடை படிந்தது. சரவணன் டம்ளரைத் தூக்கினான்.

மேனேஜர் கண்ணால் வேண்டாம் என்றார். முன்னாடி சார், "சாப்புடுப்பா" என்றார். அவன் சாப்பிடுவதைப் பார்த்த பக்கத்து ஆள் ஆரம்பித்தார்; அவரைப் பார்த்து அடுத்தவர். ஐயா குடும்பத்தோடு உள்ளே நுழைந்தபோது அவர் அப்பாவின் படத்துக்கு முன்னால் காலி இலைகளும் ஏப்பமும்தான் இருந்தன.

அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. அவர் கெட்டவரல்ல, அப்பா மேல் பிரியம் உள்ளவர். அந்த நேரத்தில் முன்னாடி சார் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். மூடுவாரா? "வாங்கய்யா, விடியக்காலம் கெளம்புன பசி, இங்கிட்டு ஒக்காருங்க" என்று அன்பாகக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இலை போட்டார், எல்லாம் பரிமாறினார். ஐயா வடையில் கை வைத்ததும், "இருங்கய்யா, போட்டோகிராபர் வரட்டும்" என்றார்.

ஐயா கையை எடுத்தார். போட்டோகிராபர் வந்ததும், பிரார்த்தனை முடியட்டும் என்றார் சார். பிரார்த்தனைக்குப் பிறகு பாட்டு. இரண்டாவது பாட்டில் ஐயா இலையை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு எழுந்தார். சாம்பார் மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் பட்டது.

"என்னய்யா, வெளையாடுறியா?"

முன்னாடி சாருக்குக் கேலி செய்யத் தெரியாது, அதுதான் கொடுமை. மேனேஜர் பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்: "பாத்தீங்களா சார், நல்ல மனுசன்தான். பசி. எலை முன்னாடி ஒக்கார வச்சா யாரா இருந்தாலும் இதான்."

அப்போது சரவணன் எழுந்து போய், தன் டம்ளரை ஐயாவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தூக்கிவிட்டான். அந்த அறையில் அவருடைய பசியைப் பார்த்து உதவி செய்தவன் அவன் ஒருவன்தான். பைத்தியக்காரனை விட்டு அவமானப்படுத்துகிறார்கள் என்று ஐயா காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் சாருக்கு வேலை போனது, அதே வாரம் தம்பிக்கு இடம் போனது. "ஒங்க தம்பி மேல தப்பில்லம்மா. ஆனா அவரு மாதிரி ஆளுங்க வரலைன்னா மத்தவங்களுக்கு நாளைக்கு ஒலை வைக்க முடியாதே" என்றார் மேனேஜர். பசித்தவன் பசி என்று சொல்லக் கற்றுக்கொண்டதற்கு எங்களுக்குக் கிடைத்த தண்டனை அது. முன்னாடி சாரை நான் திட்டாத திட்டு கிடையாது.

வேறு இல்லங்களுக்கு ஏறி இறங்கினேன். அடிக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே இருக்கிறோம் என்று போர்டு வைத்த இடத்தில், பெயர் கேட்கும் முன்பே, "அடிப்பாரா?" என்று கேட்டார்கள். அடிக்காதவனை நான் ஏன் அங்கே கொண்டுபோகிறேன்? வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வேலையை விட்டேன். தட்டச்சு, தையல், இந்தப் பத்திரிகை எழுத்து என்று பிழைப்பு ஓடுகிறது.

சாருக்கும் அந்தத் துறையில் கதவு திறக்கவில்லை. இப்போது டவுனில் மிக்ஸி, கிரைண்டர் விற்கும் கடையில் இருக்கிறார். புது மிக்ஸி வாங்க வருகிறவர்களிடம், பழையது கெட்டுப்போவதற்கு முன்னால் என்ன அரைத்தீர்கள் என்று கேட்டு, ரிப்பேர் செய்துகொடுத்து அனுப்பிவிடுகிறார். முதலாளி இன்னும் ஏன் வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் கூப்பிடுவதில்லை. சரவணனோடு உட்கார்ந்து சாப்பிடுவார், ஃபேனைப் பற்றியும் குழம்பைப் பற்றியும் என்னைக் குறுக்கு விசாரணை செய்வார், போய்விடுவார். போன ஞாயிறு வர நேரமாகிவிட்டது. தம்பிக்குச் சோறு போட்டேன். அவன் கை வைக்கவில்லை. குழம்பு ஆறியது. டம்ளர் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. தட்டு பறக்கப்போகிறது என்று அம்மா தள்ளி நின்றுகொண்டார். அவன் வாசலையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

வியர்க்க விறுவிறுக்க வந்த சார், சோறு அப்படியே இருப்பதைக் கண்டு பதறிவிட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை மாறியதா, பல் வலியா, தெருவில் ஏதாவது சத்தமா என்று கேட்டுக்கொண்டே போனார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிற மனிதருக்கு இது மட்டும் தட்டுப்படவில்லை.

"ஒங்களுக்காகத்தான் சார் ஒக்காந்திருக்கான்" என்றேன்.

கையைக்கூடக் கழுவாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் தட்டிலிருந்தே அவர் முதல் கவளத்தை எடுத்த பிறகுதான் சரவணனும் எடுத்தான். நான் அவருக்கு இன்னொரு தட்டைப் போட்டுப் பரிமாறினேன். எனக்கு ஓர் அண்ணன் இருந்திருந்தால் அவனும் இப்படித்தான் என் உயிரை வாங்கியிருப்பான்.