எனக்கும் அந்த ஹார்மோன் வேண்டும்

என் மதிப்புக்கும், சமீப காலமாக என் வயிற்றெரிச்சலுக்கும் உரிய சகலை அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மனைவியின் தங்கையும் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். அவள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், நீங்கள் எதில்தான் எனக்குக் குறைந்துபோனீர்கள்? என் போனை அவள் பிடுங்கி வைத்திருப்பதால் நர்ஸிடம் காகிதம் கேட்டு வாங்கி, சலைன் ஊசி குத்தாத கையால் எழுதுகிறேன்.

போன வருடம் உங்களுக்குக் கணையத்தில் திடீர் அழற்சி வந்தபோது நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு உங்களைக் கூட்டிப்போனேன், அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. உங்களுக்கு ஹார்மோன் மருந்து ஏற்றியதை மட்டும் குடும்பமே ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு சின்ன பம்ப், அதில் ஒரு சிரிஞ்ச், பச்சை விளக்கு, சொட்டுச் சொட்டாக உள்ளே போகும் விலை உயர்ந்த மருந்து. என் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகை இருக்கிறதே, அதைத் துடைக்க என் கைக்குட்டை போதாமல் உங்கள் கைக்குட்டையையும் கொடுத்தேன். அன்றிலிருந்து யாருக்குத் தலைவலி என்றாலும் "அத்தானுக்கு ஹார்மோனே ஏத்தினாங்க, அவரே வாயத் தொறக்கல" என்பாள். நீங்கள் சொன்னால் அவளுக்கு வேதம், நான் சொன்னால் விளம்பரம்.

இப்போது எனக்கும் அதே வியாதி வந்துவிட்டது. சந்தோஷம் என்று சொல்லக் கூடாது, ஆனாலும் டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னதும் மனசுக்குள் ஒரு நிம்மதி. "உங்க கணையத்துல சுரக்கிற நீர் அந்தக் கணையத்தையே செரிச்சிட்டிருக்கு" என்றார். "ஆளு எப்படியோ கணையமும் அப்படி" என்றாள் உங்கள் கொழுந்தியாள். நான் அதைப் பொருட்படுத்தாமல், ஹார்மோன் எப்போது ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். "அது சுரப்ப அடக்குற மருந்து. எல்லாருக்கும் அதால பலன் உண்டான்னு எங்களுக்குள்ளயே ஒரு முடிவு இல்ல. உங்களுக்கு லேசுதான், சலைனும் வலி மருந்தும் பட்டினியும் போதும்" என்றார். லேசு! நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், எனக்குத் தெரியாதா? "டாக்டர், கத்துக்க வர்றவன் ஒழுங்கா ஓட்டினாலும் என் காலடியில இருக்கிற பிரேக்க யாரும் கழட்டி வைக்கிறதில்லையே" என்றேன். "வண்டியே நின்னுக்கிட்டிருக்குங்க, பிரேக்கு எதுக்கு" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். லேசு என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனைவி பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். அதுவும் உங்கள் பேத்திக்கு.

விடுவேனா? டாக்டர் தலை தெரியும்போதெல்லாம் முனகினேன். அவர்கள் ஹார்மோன் தரவில்லை, வலி குறையவில்லை என்று காலையில் தருவதாகச் சொல்லியிருந்த தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த கட்டிலில் ஒரு மீசைக்காரர், அவருக்கு அதே பம்ப். நர்ஸ்கள் மாறி மாறி வந்து அவரை விசாரிப்பதையும், என் மனைவியே "வலி தேவலையாண்ணே" என்று அவரைக் கேட்பதையும் நான் வறண்ட நாக்கோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குணமாகி வீட்டுக்குப் போனதும் பம்பை என் கட்டில் பக்கம் ஓரங்கட்டினார்கள். என் மனைவி காபி குடிக்கக் கீழே போன சமயம் பார்த்து அதை இன்னும் பக்கத்தில் இழுத்து, குழாயைப் போர்வைக்குள் செருகி, முகத்தைச் சோர்வாக வைத்துப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "ஹார்மோன் ஏறுகிறது. யாரும் கவலைப்பட வேண்டாம்."

எல்லாரும் கவலைப்பட்டார்கள். இத்தனை நாள் எட்டிப்பார்க்காத மாமனார் டாக்டர் நம்பர் கேட்டார். மாமியார் அழுகிற பொம்மைகளாக அனுப்பினார். அப்போதுதான் குழுவில் நீங்கள் வந்தீர்கள். "தம்பி, பச்சை லைட் எரியலையே. பிளக்கச் சொருகச் சொல்லுங்க." அந்தப் பம்போடு படுத்திருந்தவர் என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, சரி. அதைத் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்த நிமிடம் குழுவில் ஒரே சிரிப்பு. கீழே படத்தைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கப் படியேறி ஓடிவந்த என் மனைவி, சுவரில் தொங்கிய பிளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனை வாங்கிக்கொண்டாள். "என்னப் பதற வெச்சுப் பாக்கிறதுல அவ்வளவு ஆசையா?" என்றாள்.

ஆமாம், ஆசைதான். உங்களுக்காக அவள் அழுததில் பாதியாவது எனக்காக அழவேண்டும். இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். "லேசோ கடுமையோ, தம்பிக்கு வந்ததும் எனக்கு வந்த அதே வியாதிதான்" என்று குழுவில் நாலு வரி போடுங்கள். நேரில் வர வேண்டாம். நீங்கள் வந்தால் எல்லாரும் உங்கள் உடம்பைத்தான் விசாரிப்பார்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேத்திக்கு ஆசிகள், ஸ்வெட்டர் அளவாகத்தான் வரும் போலிருக்கிறது. உங்கள் கணையம் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
லேசான சகலை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஸ்கேன் முடிவோடு டாக்டர் வந்தார். கணையத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதாம், "அந்த ஹார்மோனையும் போட்டுப் பாத்துடலாம்" என்றார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதே பம்பை எனக்கு மாட்டிவிட்டார்கள். பிளக் சொருகியிருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஸ்வெட்டர் தரையில் கிடக்கிறது. அவள் வராந்தாவில் உட்கார்ந்து அழுகிறாள், எனக்கு இங்கேவரை கேட்கிறது. எனக்கு இது வேண்டாம் அண்ணே. குழுவில் ஒன்றும் போடாதீர்கள். கிடைக்கிற வண்டியில் ஏறி உடனே வந்து, லேசுதான் என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் சொன்னால் நம்புவாள்.