ஊசலார் சரிபார்த்த விமானங்கள்

விமானப் பயிற்சிப் பள்ளியில் அன்று ஓடுபாதையைவிட வரிசை நீளம். மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும், ஊசல் ஆட்டியே கோளாறு சொல்லும் ஊசலாரைப் பார்க்கக் கால்கடுக்க நின்றார்கள். நூலில் ஒரு செம்புக் குண்டு. அதை விமானத்தின் மூக்குக்கு மேலே பிடிப்பார். வலப்பக்கம் சுற்றினால் விமானம் நலம். இடப்பக்கம் சுற்றினால் கோளாறு. அவ்வளவுதான்! பாவம், இத்தனை காலம் மெக்கானிக்குகள் வீணாக ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள்.

"பத்துக்குப் பத்து சொல்லிட்டாரும்மா!" பள்ளி முதல்வருக்குத் தரையில் கால் பாவவில்லை. "தலைமை மெக்கானிக்குக்கு மட்டுமே தெரிஞ்ச கோளாறைக்கூடப் புட்டுப்புட்டு வைக்கிறாரு. இனிமே செக்லிஸ்ட் எதுக்கு?"

"அவருக்கு எப்படித் தெரியுது?" என்றார் தர அதிகாரி.

எதற்கும் இதையே கேட்பதால் அந்த அம்மாளுக்குப் பள்ளி சூட்டிய பட்டம் 'எப்படியம்மா'.

கேட்டுவிட்டு அவர் விமானங்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தார். ஒரு விமானத்துக்குள் மாணவி ஒருத்தி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எரிபொருள்ல தண்ணி இருக்கான்னு பாத்தியாம்மா?"

"ஐயா நேத்தே ஊசல் போட்டுட்டாருங்க மேடம். வலப்பக்கம் பம்பரமாச் சுத்துச்சு!"

எப்படியம்மா இறக்கைக்கு அடியில் குனிந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் வடித்தார். மேலே எரிபொருள், அடியில் பாதிக் குப்பி தண்ணீர். மாணவி இறங்கி வந்து பார்த்தாள். முகம் வெளுத்தது.

"மேல போயிருந்தா இன்ஜின் இதையா மேடம் குடிச்சிருக்கும்?"

"குடிச்சிட்டு நின்னிருக்கும்."

அந்த விமானத்தை நிறுத்திவைத்துவிட்டு, குப்பியோடு வரிசைக்குத் திரும்பினார். இந்த முறை குண்டைப் பார்க்கவில்லை; குண்டுக்காரரைப் பார்த்தார். அவர் கண்ணோ குண்டில் இல்லை, பக்கத்தில் நின்ற தலைமை மெக்கானிக்கின் தொண்டையில் இருந்தது! மெக்கானிக் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். கோளாறுள்ள விமானத்தின் முறை வந்ததும் தன்னையறியாமல் எச்சில் விழுங்கினார். குண்டு உடனே இடப்பக்கம் திரும்பியது. தண்ணீர் விஷயம் மெக்கானிக்குக்கே தெரியாது. அதனால் ஊசலுக்கும் தெரியவில்லை.

மறுநாள் வகுப்பறையில், எப்படியம்மாவின் ஏற்பாட்டில், ஐந்து அட்டைப்பெட்டிகள். உள்ளே உயரம் காட்டும் கருவிகள், சில நல்லவை, சில பழுதானவை. எது எதில் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். அவர் எதிரே நிற்க, ஊசலார் ஐந்தையும் சரியாகச் சொன்னார். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

"அண்ணே, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று மெக்கானிக்கை அனுப்பினார் எப்படியம்மா. அடுத்த அறையில் அந்த மாணவி பெட்டிகளைப் புதிதாக நிரப்பி, கலைத்து, வாசலில் வைத்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே இருப்பது அறையில் ஒருவருக்கும் தெரியாது, எப்படியம்மாவுக்கும்கூட.

ஊசலார் முகம் முகமாகத் தேடினார். எல்லா முகமும் அவரைப் போலவே விழித்தது. செம்புக் குண்டைவிட அவர் நெற்றியில் வியர்வைக் குண்டுகள் அதிகம்.

"இது... சுத்தமான கருவி. பறக்கலாம்!"

பிரித்தார்கள். முள் ஒடிந்த கருவி.

"இதுல பயங்கரக் கோளாறு. யாரும் கிட்டப் போகாதீங்க!"

பிரித்தார்கள். முதல்வரின் டிபன்பாக்ஸ்.

"அது என் வீட்டுச் சாப்பாடுய்யா!" என்று முதல்வர் அலற, அறை சிரிப்பில் உருண்டது.

"நம்பாதவங்க ரூமுக்குள்ள இருந்தா ஊசல் வேலை செய்யாது" என்றார் ஊசலார்.

"அப்போ ஆயிரம் அடிக்கு மேல, விமானத்துல நம்பாத ஆள் ஒருத்தர் இருந்தா?" என்றார் எப்படியம்மா.

ஊசலார் நூலைச் சுருட்டினார். வந்த வேகத்தைவிடப் போன வேகம் அபாரம்; அதற்கு ஓடுபாதைகூடத் தேவைப்படவில்லை.

ஊர் திருந்திவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? அன்று மாலையே மாணவியின் அப்பா எப்படியம்மாவிடம் ஓடி வந்தார்.

"தெய்வம்மா நீங்க! எம்பொண்ணு ஹெட்செட்டை ஒரு தடவை தொட்டுக் குடுங்க. ராசியான கை!"

"ராசி கையில இல்லீங்க" என்றார் எப்படியம்மா. "கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க. உபயோகிக்காம இன்னும் புத்தம்புதுசாவே இருக்கு!"