கம்ப்யூட்டர் அட்டைக்கு ஒட்டுப் போட்ட கதை

நான் வேலையில் சுத்தக்காரி. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தச் சுத்தத்தாலேயே ஒருமுறை நாற்பத்திரண்டு பிள்ளைகளின் சத்துமாவுக்கு வேட்டு வைக்கப் பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் நான் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். மாதாமாதம் அரசாங்கத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு சத்துமாப் பொட்டலம் வரும். கொழுந்து பறிக்கும் வேலாயியின் இரட்டைப் பிள்ளைகள் அந்த மாவினால்தான் எழுந்து நடந்தன.

ஒருநாள் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஒரு பெட்டியைத் தந்தார். இனி எல்லாம் கம்ப்யூட்டராம். பிள்ளைக்கு ஓர் அட்டை. மேலே பென்சிலில் பெயர் இருக்கும். இந்தியாவுக்குப் போய்விட்ட குடும்பத்துப் பிள்ளைகளின் அட்டையை ஒதுக்கிவிட்டு, மற்றதைத் திங்கட்கிழமை நுவரெலியா ஆபீசில் கொடுக்க வேண்டும். மடிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். (ஒட்டக் கூடாதுன்னு சொல்லவே இல்லை. இன்னைக்கும் என் கட்சி அதுதான்.)

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். அட்டை முழுக்க ஓட்டை. எனக்கு முன்னால் இருந்த ஆயாவை, காம்பராவில் எலி ஓடியதற்காகவே மலைக்குக் கொழுந்து பறிக்கத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் அரசாங்க அட்டையையே பூச்சிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறேன். கிளாக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டிருந்தால் ஒரே பேச்சில் முடிந்திருக்கும். கேட்பேனா? நாத்தனார் மருதாயியை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பூச்சி இப்புடி சதுரம் சதுரமாவா மதினி திங்கும்? அதுவும் வரிசையா?”

“டவுன் பூச்சி புள்ள, அப்புடித்தான் திங்கும்” என்றேன். எவ்வளவு தெளிவு பாருங்கள்.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுச் சுவருக்குப் பேப்பர் ஒட்டுவதில் எங்கள் இருவரையும் மிஞ்ச ஆளில்லை. கோதுமை மாவில் பசை காய்ச்சினோம். பழைய கலண்டர் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, அட்டைகளின் பின்பக்கம் ஒட்டி, பலகைக்கு அடியில் வைத்து அம்மிக் குழவியை ஏற்றினோம். ஞாயிறு சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் புதுப் பெண் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை. ஒட்டுத் தெரியுமோ, பசை வாடை அடிக்குமோ என்று வளைவுக்கு வளைவு மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் உள்ளே கருவாடு என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய்விட்டார்.

ஆபீசில் இருந்தவர் ஒரு சிங்கள மாத்தயா, நம் பேச்சில் ஐயா. தமிழ் பேசுவார். அவர் ஓர் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் வரவில்லை. இன்னொன்றைப் பிடித்தார். அதிலும் இல்லை.

“ஓட்டை எங்க அக்கே?”

“அடைச்சிட்டேன் மாத்தயா.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடல.”

மாத்தயா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: “அந்த ஓட்டையிலதான் அக்கே புள்ள இருக்கு. கம்ப்யூட்டருக்குப் பேர் படிக்கத் தெரியாது. ஓட்டைதான் படிக்கும். ஓட்டை இல்லேன்னா புள்ள இல்ல.”

கம்ப்யூட்டர் கொழும்பில் இருந்தது. அட்டைகளை ஏற்றிப் போகும் வேன் நாலு மணிக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அதுவரை பொட்டலம் வராது. எனக்கு வேலாயியின் பிள்ளைகள் கண்ணுக்குள் வந்து நின்றன. அப்படியே பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாத்தயா நான் ஒட்டிய தாளை உரித்துப் பார்த்தார்; அட்டையும் சேர்ந்து கிழிந்தது. பழைய படிவங்கள் இருக்கின்றனவா என்று தேடினார். அவையும் கொழும்புக்குப் போய்விட்டன. பிள்ளைகளின் விவரம் மனப்பாடமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். புது அட்டை ஒன்றை ஓட்டை போடும் மெஷினில் செருகினார்.

“பேர்?”

“பாக்கியம்.”

“வயசு?”

“முப்பத்தாறு.”

“அம்மா பேர்?”

“வள்ளியம்மை.” (செத்துப்போன எங்க அம்மாவ எதுக்கு இதுல இழுக்குறாருன்னு நெனச்சேன்.)

குற்றவாளியின் விவரத்தைத்தான் முதலில் பதிகிறார் என்று எனக்கு நிச்சயம். மெஷின் டக் டக்கென்று அடிக்க அடிக்க, என் வேலை போகிற சத்தமாகவே கேட்டது. பிறகு “அடுத்த புள்ள?” என்றார். இரண்டு வயது என்று நான் சொன்னதும், வருஷம் வேண்டாம், மாசக் கணக்கில் சொல்லுங்கள் என்றார். விரலை மடக்கி மடக்கி, எந்தப் பிள்ளை எந்த மழையில் பிறந்தது என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, அவரையும் எழ விடவில்லை. கடைசி அட்டை விழும்போது வேன்காரர் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பொட்டலங்கள் வந்தன. நாற்பத்து மூன்று. கிளாக்கர் ஐயா பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

“ஏம்மா, வள்ளியம்மை மக பாக்கியம், மூணு வயசுன்னு போட்டிருக்கு. எந்த லயத்துப் புள்ள?”

அப்போதுதான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். “திருத்தப் போனா இன்னும் ரெண்டு பேர் பொறந்துருவாங்க, பேசாம இரும்மா” என்றார். என் பொட்டலத்தை மாதாமாதம் வேலாயியிடம் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. குழந்தை பாக்கியத்துக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டபடியால் சத்துமா நிறுத்தப்படுகிறது, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் என்று. அதை யாரும் படிக்குமுன் கிழித்திருக்க வேண்டும். மருதாயி பார்த்துவிட்டாள்.

அவள் என்னைவிட ஐந்து வயது இளையவள். முறையில் நான் மதினி. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து, என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

“கவர்மெண்டு கணக்குல நான்தான் பெரியவ. வந்து கால்ல விழுந்து திருநீறு வாங்கிக்க பாப்பா.”